கணினி நெட்வொர்க் கடவுச்சொல்லைச் சேமிக்காமல் தடுப்பது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பலர் கையாளும் கணினியில் கடவுச்சொல் தங்கிவிடுவது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் ஒருமுறை தட்டிவிட்டு எழுந்து போகிறீர்கள். அடுத்து வந்து உட்காருபவர் எதையும் தட்டாமலே உங்கள் பெயரில் சர்வருக்குள் நுழைகிறார். அவர் ஒரு ஃபைலை அழித்தாலும் சர்வரின் பதிவில் இருக்கப்போவது உங்கள் பெயர்தான். பிறகு யாரிடம் போய் என்ன சொன்னாலும் எடுபடாது.

சேமிக்காதே என்று ஒரே இடத்தில் டிக் அடித்து முடித்துவிடும் வசதி விண்டோஸில் கிடையாது. வைஃபை கடவுச்சொல்லை ஒரு பகுதி வைத்துக்கொள்கிறது. ஷேர் ஃபோல்டருக்கான (நெட்வொர்க்கில் பலர் பகிரும் ஃபோல்டர்) பெயரையும் கடவுச்சொல்லையும் இன்னொரு பகுதி வைத்துக்கொள்கிறது. பிரவுசர் தனக்கென்று தனியாக வைத்துக்கொள்கிறது. ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடங்களில் இருப்பது அப்படியே இருக்கும். "எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், இன்னும் கேட்க மாட்டேன் என்கிறது" என்று பலர் அலுத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால் முதலில் கவனிக்க வேண்டியது, எந்த இடத்தில் கேட்காமல் விட்டது என்பதை. அது தெரிந்தால் எங்கே சேமித்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

கை வைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அழிக்கப்போகும் கடவுச்சொல் உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது கணினியிடம் மட்டுமே இருந்து, நீங்கள் அழித்துவிட்டால், சர்வர் நிர்வாகியையோ ரவுட்டர் வைத்திருப்பவரையோ தேடி ஓட வேண்டியிருக்கும்.

கீழே உள்ளவை பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மேக், லினக்ஸ் பற்றிக் கடைசிப் பகுதிக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன். மெனுப் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் இடம் மாறலாம், செய்யும் வேலை ஒன்றுதான்.

அறிகுறி: ஷேர் ஃபோல்டரைத் திறந்தால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்காமல் நேராக உள்ளே போகிறது

முதலில் பார்க்க வேண்டிய இடம் கிரெடென்ஷியல் மேனேஜர், விண்டோஸ் சேமித்த பெயர்களும் கடவுச்சொற்களும் இருக்கும் இடம் அது. ஸ்டார்ட் மெனுவில் இந்தப் பெயரை ஆங்கிலத்தில் தட்டினாலே வந்துவிடும். கன்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுன்ட்ஸ் வழியாகவும் போகலாம். உள்ளே வெப் கிரெடென்ஷியல்ஸ், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் என்று இரண்டு இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. அதில் சர்வரின் பெயர் போட்ட வரியை விரித்து, ரிமூவ் கொடுத்தால் அந்தப் பதிவு போய்விடும்.

இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஒரே சர்வருக்கு இரண்டு மூன்று பதிவுகள் இருக்கலாம். ஒருநாள் சர்வரின் பெயரைத் தட்டித் திறந்திருப்பீர்கள், இன்னொரு நாள் 192.168 என்று தொடங்கும் அதன் ஐபி முகவரியைத் தட்டியிருப்பீர்கள். விண்டோஸுக்கு இவை இரண்டும் வேறு வேறு இடங்கள். பெயரில் உள்ளதை அழித்துவிட்டு முகவரியில் உள்ளதை விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. பட்டியலை மேலிருந்து கீழ்வரை முழுதாகப் பார்த்துவிடுங்கள்.

அழித்ததும் உடனே ஃபோல்டரைத் திறந்து சோதிக்காதீர்கள். அது மறுபடியும் கேட்காமலே திறக்கும், நீங்கள் குழம்புவீர்கள். ஏற்கெனவே ஏற்படுத்திய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதால் வரும் குழப்பம் அது. சேமித்த பதிவு வேறு, நடப்பு இணைப்பு வேறு. விண்டோஸிலிருந்து சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்து பாருங்கள். சைன் அவுட் செய்ய முடியாத நிலையில், கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து நெட் யூஸ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் இப்போது எந்தெந்த இணைப்புகள் இருக்கின்றன என்று காட்டும். அதே கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி, ஒரு நட்சத்திரக் குறி, மறுபடி இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி டெலிட் என்று தட்டினால் எல்லா இணைப்பையும் அறுத்துவிடும். டிரைவ் எழுத்துடன் இணைத்து வைத்த நெட்வொர்க் டிரைவ்களும் அதோடு போய்விடும். அதனால் அந்தக் கணினியில் யாராவது அந்த டிரைவிலிருந்து ஃபைல் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்த முறை கேட்கும்போது, கடவுச்சொல் பெட்டிக்குக் கீழே "ரிமெம்பர் மை கிரெடென்ஷியல்ஸ்" என்று ஒரு சதுரம் இருக்கும். அதில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெட்வொர்க் டிரைவ் இணைக்கும்போது வரும் "ரீகனெக்ட் அட் சைன் இன்" என்பது வேறு. அது டிரைவை மட்டும் நினைவில் வைக்கும், கடவுச்சொல்லை வைக்காது. அதில் டிக் இருந்து கடவுச்சொல் சேமிக்கப்படாமல் இருந்தால், ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் டிரைவை இணைக்க முடியவில்லை என்று அறிவிப்பு வரும். பயப்பட ஒன்றும் இல்லை. டிரைவைச் சொடுக்கினால் கடவுச்சொல் கேட்கும்.

அறிகுறி: கிரெடென்ஷியல் மேனேஜரில் ஒன்றுமே இல்லை, ரீஸ்டார்ட்டும் செய்தாகிவிட்டது, ஆனாலும் கேட்காமல் திறக்கிறது

இப்போது கணினி எதையும் சேமித்து வைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது, இரண்டில் ஒன்றாக இருக்கும்.

விண்டோஸ் ஒரு சர்வரைத் தொடும்போது, நீங்கள் இந்தக் கணினிக்குள் நுழையப் பயன்படுத்திய பெயரையும் கடவுச்சொல்லையுமே முதலில் நீட்டிப் பார்க்கும். சர்வரிலும் அதே பெயரில், அதே கடவுச்சொல்லில் ஒரு கணக்கு இருந்தால் கதவு திறந்துவிடும், கேள்விக்கே இடமில்லை. சின்ன அலுவலகங்களில் எல்லாக் கணினியிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைத்திருப்பார்கள், அங்கே இதுதான் நடக்கும். இங்கே எதை அழித்தாலும் பலன் இல்லை. சர்வரில் இருக்கும் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், அல்லது பொதுக் கணினியில் வேறு பெயரில் கணக்கு வைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், ஃபோல்டரே எல்லாருக்கும் திறந்து கிடப்பது. ஃபோல்டரை வைத்திருக்கும் கணினியில் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸுக்குப் போய், பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங் ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது ஆஃப் ஆகியிருந்து, ஃபோல்டரின் அனுமதியில் எவ்ரிஒன் என்று இருந்தால், நெட்வொர்க்கில் இருக்கும் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். கடவுச்சொல் சேமிப்பைத் தேடிப் போனவர்களுக்கு இதைவிடப் பெரிய ஓட்டை கண்ணில் படுவது இப்படித்தான்.

இதோடு தொடர்புடைய இன்னொன்று: வேறு பெயரில் நுழைய முயலும்போது 1219 என்ற பிழை எண் வரலாம். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் இணைப்பு வைக்க முடியாது என்று அது சொல்கிறது. பழைய இணைப்பை மேலே சொன்ன கட்டளையால் அறுத்துவிட்டுப் புதிய பெயரில் போனால் சரியாகிவிடும்.

அறிகுறி: அழிக்க அழிக்க யாராவது டிக் அடித்துச் சேமித்துவிடுகிறார்கள்

அந்தச் சதுரத்தில் டிக் அடிக்காதீர்கள் என்று எத்தனை பேரிடம் சொல்வது? எழுதி ஒட்டினாலும் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. இங்கேதான் கணினி முழுதுக்கும் விதி வைக்கும் விண்டோஸின் கொள்கை அமைப்பு (பாலிசி) கைகொடுக்கிறது. ஒருமுறை இதை வைத்துவிட்டால், யார் டிக் அடித்தாலும் நெட்வொர்க் கடவுச்சொல் கிரெடென்ஷியல் மேனேஜரில் பதியாது.

புரொஃபெஷனல், என்டர்பிரைஸ் பதிப்புகளில் செய்ய வேண்டியது:

1. நிர்வாகி கணக்கில் நுழைந்து, ரன் பெட்டியில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியைத் திறக்கும் கட்டளையைத் தட்டுங்கள். எஸ், இ, சி, பி, ஓ, எல் என்ற ஆறு எழுத்துகள், ஒரு புள்ளி, பிறகு எம், எஸ், சி.
2. இடப்பக்கம் லோக்கல் பாலிசீஸ், அதற்குள் செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ்.
3. வலப்பக்கப் பட்டியலில் "நெட்வொர்க் ஆக்சஸ்" என்று தொடங்கும் வரிகளில் "டூ நாட் அலவ் ஸ்டோரேஜ் ஆஃப் பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கிரெடென்ஷியல்ஸ்" என்று போகும் வரியைத் திறந்து எனேபிள்டு கொடுங்கள்.
4. கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன் பிறகே இது நடைமுறைக்கு வரும்.

மூன்றாவது படியில் கவனம் வேண்டும். வரியே "அனுமதிக்காதே" என்று இருப்பதால், தடுக்க வேண்டுமானால் எனேபிள்டு. டிசேபிள்டு கொடுத்தால் சேமிக்க விடுகிறோம் என்று பொருள். அவசரத்தில் பார்த்தால் தலைகீழாகப் புரியும்.

ஹோம் பதிப்பில் இந்தக் கருவி இல்லை. அங்கே விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் வழியாகத்தான் போக வேண்டும். ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், எல்எஸ்ஏ என்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்குங்கள். வலப்பக்கத்தில் டிசேபிள் டொமைன் கிரெட்ஸ் என்ற பெயர் இருக்கும், ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதப்பட்டிருக்கும். அதன் மதிப்பை 1 ஆக்கி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பெயர் இல்லாவிட்டால் 32 பிட் டிவேர்டு வகையில் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். பழைய நிலைக்குத் திரும்ப 0. ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பதற்கு முன் அந்த எல்எஸ்ஏ பகுதியை எக்ஸ்போர்ட் செய்து ஒரு ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள், அந்தப் பகுதி விண்டோஸின் உள்நுழைவுக்கே ஆதாரமானது.

கொள்கையை வைப்பதற்கு முன்பே பழைய பதிவுகளை அழித்துவிடுவது நல்லது. முதலில் துடைத்துவிட்டுப் பிறகு பூட்டுங்கள்.

இதை எல்லாக் கணினியிலும் செய்யலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். உங்களுக்கே உங்களுக்கான மடிக்கணினியில், கடினமான கடவுச்சொல்லும் திரைப்பூட்டும் இருந்தால், கிரெடென்ஷியல் மேனேஜர் ஒன்றும் மோசமான இடம் இல்லை. அதில் உள்ளவை உங்கள் விண்டோஸ் கணக்கோடு பிணைத்து மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். வேறு கணக்கில் நுழைபவருக்கு அந்தப் பட்டியல் தெரியாது. சிக்கல் எல்லாம் பத்துப் பேர் ஒரே கணக்கில் உட்காரும்போதுதான். அப்படிப்பட்ட இடத்தில் ஆளுக்கொரு கணக்கு போட்டுக் கொடுப்பதே முதல் மருந்து, அது முடியாத இடத்தில் இந்தக் கொள்கை.

அறிகுறி: சர்வர் கடவுச்சொல்லை மாற்றிய நாளிலிருந்து கணக்கு அடிக்கடி பூட்டிக்கொள்கிறது

இதுவும் சேமித்த கடவுச்சொல்லின் வேலைதான், ஆனால் யாருக்கும் அது முதலில் தோன்றுவதில்லை. நீங்கள் சரியான புதிய கடவுச்சொல்லைத்தான் போடுகிறீர்கள். ஆனால் எங்கோ ஒரு கணினி பழையதை விடாமல் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இத்தனை முறை தவறானால் பூட்டு என்று சர்வரில் ஒரு வரம்பு இருந்தால், அந்த வரம்பு தொட்டதும் கணக்கு பூட்டிக்கொள்ளும். நிர்வாகி திறந்துவிடுவார், கொஞ்ச நேரத்தில் மறுபடி பூட்டும்.

நீங்கள் எந்தெந்தக் கணினியில் உட்கார்ந்தீர்கள் என்று நினைவுபடுத்தி, ஒவ்வொன்றிலும் கிரெடென்ஷியல் மேனேஜரைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் உங்கள் பெயரில் இணைத்த நெட்வொர்க் டிரைவ், உங்கள் பெயரில் ஓடும்படி டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கருவி) வைத்த வேலை, உங்கள் கணக்கில் பின்னணியில் ஓடும் சர்வீஸ், சைன் அவுட் செய்யாமல் விட்ட ரிமோட் அமர்வு இவற்றைத் தேடுங்கள். அலுவலக மின்னஞ்சல் போட்டு வைத்த கைப்பேசியையும் விட்டுவிடாதீர்கள். எல்லாக் கணக்குகளையும் ஒரு மையச் சர்வர் (டொமைன் கன்ட்ரோலர்) பார்த்துக்கொள்ளும் டொமைன் அமைப்பு இருக்கும் அலுவலகமாக இருந்தால், எந்தக் கணினியிலிருந்து தவறான முயற்சி வந்தது என்று டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி பதிவில் நிர்வாகி பார்த்துச் சொல்ல முடியும். கணக்கு பூட்டிய நிகழ்வுக்கு அங்கே 4740 என்ற எண் இருக்கும், எந்தக் கணினி என்ற பெயரும் அதிலேயே இருக்கும். கேட்டு வாங்குங்கள், தேடும் நேரம் மிச்சமாகும்.

அறிகுறி: வைஃபை தானாக இணைந்துவிடுகிறது

"கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி" என்பதில் டிக்கை எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. தானாக இணைவது நிற்கும், ஆனால் கடவுச்சொல் உள்ளேயே இருக்கும். யாராவது வைஃபை பெயரைத் தொட்டு கனெக்ட் கொடுத்தால் இணைந்துவிடும்.

செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போய் அந்தப் பெயருக்கு எதிரே ஃபர்கெட் கொடுக்க வேண்டும். அப்போதுதான் கடவுச்சொல்லோடு சேர்த்து அந்த வைஃபையின் பதிவு முழுதும் அழியும்.

வைஃபையில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஷேர் ஃபோல்டர் கடவுச்சொல் கணக்குக்குக் கணக்கு தனியாக இருக்கும் என்றேன். வைஃபை அப்படி இல்லை. வழக்கமாக ஒருவர் போட்ட வைஃபை கடவுச்சொல் அந்தக் கணினியில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவாகச் சேமிக்கப்படும். அதிலும் நிர்வாகி உரிமை உள்ளவர் நினைத்தால் அந்தக் கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாகப் படிக்கவே முடியும். இணைப்பின் வயர்லெஸ் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கத்தில் எழுத்துகளைக் காட்டு என்று ஒரு டிக் போதும். நண்பரின் கணினியில் உங்கள் வைஃபை கடவுச்சொல்லைப் போட்டுக் கொடுத்தால், அதை அவரிடம் எழுதிக் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, சேமிக்காமலே இணைய வழி இல்லையா? நாம் எல்லாரும் பயன்படுத்தும் சாதாரண ஒற்றைக் கடவுச்சொல் வைஃபையில், விண்டோஸ் கடவுச்சொல்லைப் பதிந்துகொண்டுதான் இணையும். சேமிக்காதே என்று சொல்ல அங்கே இடமில்லை. பெயர், கடவுச்சொல் இரண்டும் கேட்கும் நிறுவன வகை வைஃபையில் மட்டும் வழி உண்டு. கன்ட்ரோல் பேனலின் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு, வயர்லெஸ் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி என்று போனால், "ரிமெம்பர் மை கிரெடென்ஷியல்ஸ் ஃபார் திஸ் கனெக்ஷன்" என்று ஒரு வரி இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிடலாம்.

மற்றவர்களுக்கு, வேலை முடிந்ததும் அழிப்பதுதான் வழி. பொதுக் கணினியை நிர்வகிப்பவர் என்றால், எல்லா வைஃபை பதிவையும் அழிக்கும் நெட்எஸ்ஹெச் (நெட்வொர்க் அமைப்புகளுக்கான விண்டோஸ் கருவி) கட்டளையை ஒரு பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) போட்டு, கணினி ஷட் டவுன் ஆகும்போது ஓடும்படி, கொள்கைகளை வைக்கும் குரூப் பாலிசி எடிட்டரின் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் சேர்த்துவிடலாம். அப்புறம் யார் எந்த வைஃபையைப் போட்டாலும் அடுத்த நாள் காலையில் அது இருக்காது. கணினிக்கு வழக்கமாகத் தேவைப்படும் வைஃபையும் சேர்ந்து போய்விடும் என்பதால், கேபிளில் இணைத்த கணினிக்கே இது ஏற்றது.

கணினி உங்கள் கையை விட்டுப் போய்விட்டதா, விற்றாயிற்றா, பழுது பார்க்கக் கொடுத்தாயிற்றா? அங்கே இனி நீங்கள் எதையும் அழிக்க முடியாது. ரவுட்டரில் வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். விருந்தினர்களுக்கு ரவுட்டரிலேயே கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால், மாற்றும்போது உங்கள் சொந்தக் கருவிகளை எல்லாம் மறுபடி இணைக்கும் தொல்லை இருக்காது.

அறிகுறி: ஃபர்கெட் கொடுத்த வைஃபை கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடுகிறது

மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், உங்கள் வைஃபை பட்டியல் அந்தக் கணக்கு வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேரலாம். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், விண்டோஸ் பேக்கப் என்று போய், ரிமெம்பர் மை ப்ரெஃபரன்சஸ் என்பதை விரித்து, கடவுச்சொற்கள் தொடர்பான டிக்கை எடுங்கள். அதன் பிறகு ஃபர்கெட் கொடுங்கள். வரிசை மாறினால் மறுபடி வந்து நிற்க வாய்ப்புண்டு. அலுவலகக் கணினியில், நிர்வாகி கொள்கை வழியாகத் தள்ளிய வைஃபையாக இருந்தால் நீங்கள் அழித்தாலும் திரும்பும், அல்லது அழிக்கவே விடாது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அறிகுறி: வைஃபையை அழித்து மறுபடி இணைத்தும் உள்நுழைவுப் பக்கம் வரவே இல்லை

பொது இடங்களில் வைஃபை இணைந்ததும் பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். மறுநாள் போனால் கேட்காது. இங்கே நினைவில் வைத்திருப்பது உங்கள் கணினி இல்லை. உங்கள் வைஃபை கார்டின் வன்பொருள் முகவரியை (அந்தக் கார்டை அடையாளம் காட்டும் எண்) அந்த வைஃபையை நடத்தும் அமைப்பு குறித்து வைத்துக்கொண்டு, இத்தனை மணி நேரம் விடு என்று கணக்கு வைத்திருக்கிறது. கணினியில் எதை அழித்தாலும் மாறாது. அந்தப் பக்கத்தில் லாக் அவுட் இருந்தால் போகும்போது அதைக் கொடுங்கள். இல்லையென்றால், விண்டோஸின் வைஃபை செட்டிங்ஸில் ரேண்டம் ஹார்டுவேர் அட்ரசஸ் என்பதை அந்த நெட்வொர்க்குக்கு ஆன் செய்து இணைத்தால், புதிய ஆளாகவே உங்களைப் பார்க்கும். எல்லா வைஃபை கார்டிலும் இந்த வசதி இருக்காது.

அறிகுறி: விபிஎன், ரிமோட் டெஸ்க்டாப் கேட்காமல் இணைகிறது

விண்டோஸிலேயே அமைத்த விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் போக உதவும் மறையாக்க இணைப்பு) என்றால், அதன் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் கிளியர் சைன் இன் இன்ஃபோ என்று பொத்தானே இருக்கிறது. அதை அழுத்திவிட்டு, எடிட் போய் "ரிமெம்பர் மை சைன் இன் இன்ஃபோ" டிக்கையும் எடுங்கள்.

வேறொரு கணினியை இங்கிருந்தே இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் கடவுச்சொல் கிரெடென்ஷியல் மேனேஜரில்தான் இருக்கும். டெர்ம்எஸ்ஆர்வி என்று தொடங்கி, சாய்கோடு போட்டு, கணினியின் பெயரோடு முடியும் வரி அது. அழித்துவிடுங்கள். நிரந்தரமாகத் தடுக்க குரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன் கிளையன்ட் பகுதியில் "டூ நாட் அலவ் பாஸ்வேர்ட்ஸ் டு பி சேவ்டு" என்பதை எனேபிள் செய்யலாம். போய்ச் சேரும் கணினி உங்கள் பொறுப்பில் இருந்தால், இணைப்பவர் எதைச் சேமித்து வைத்திருந்தாலும் ஒவ்வொரு முறையும் கேட்கும்படி அந்தப் பக்கத்திலேயே "ஆல்வேஸ் ப்ராம்ப்ட் ஃபார் பாஸ்வேர்டு அபான் கனெக்ஷன்" என்பதை வைப்பது இன்னும் உறுதியானது. யார் எந்தக் கணினியிலிருந்து வந்தாலும் இது வேலை செய்யும்.

அறிகுறி: ரவுட்டர் பக்கமோ அலுவலக இணையப் பக்கமோ பிரவுசரில் தானாக நிரம்பி நிற்கிறது

குரோமில் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்கும் வசதியை ஆஃப் செய்ய வேண்டும். எட்ஜிலும் அதே மாதிரி உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் ஆஸ்க் டு சேவ் பாஸ்வேர்ட்ஸ் என்பதில் டிக்கை எடுங்கள். ஆஃப் செய்ததால் முன்பே சேமித்தவை போய்விடாது. அவற்றைப் பட்டியலில் தேடி ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். பிரவுசரில் யாராவது தன் கணக்கில் நுழைந்து சிங்க் (கருவிகளுக்கிடையே தகவலை ஒத்துவைக்கும் வசதி) போட்டிருந்தால், அவருடைய வேறு கருவியிலிருந்தும் கடவுச்சொற்கள் இங்கே வந்து இறங்கும். பொதுக் கணினி பிரவுசரில் யாருடைய கணக்கும் இருக்கக் கூடாது.

கடவுச்சொல் பட்டியல் காலியாக இருந்தும் பக்கம் நேராக உள்ளே போகிறதென்றால் அது குக்கி, அதாவது உள்நுழைந்ததை நினைவில் வைக்கத் தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் குறிப்பு. லாக் அவுட் செய்யாமல் போயிருக்கிறார்கள். அந்தத் தளத்தின் குக்கிகளை அழியுங்கள். சில ரவுட்டர்கள் பக்கத்துக்கு மேலே சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அந்த வகையில் பிரவுசரின் எல்லா ஜன்னல்களையும் மூடும்வரை உள்ளே இருப்பதாகவே கொள்ளும்.

மேக்கிலும் லினக்ஸிலும்

மேக்கில் எல்லாம் கீசெயின் என்ற கடவுச்சொல் பெட்டகத்தில் போய்ச் சேரும். சர்வரோடு இணையும்போது வரும் பெட்டியில் "ரிமெம்பர் திஸ் பாஸ்வேர்டு இன் மை கீசெயின்" என்பதில் டிக் வேண்டாம். ஏற்கெனவே சேமித்திருந்தால், ஸ்பாட்லைட்டில் கீசெயின் ஆக்சஸைத் தேடித் திறந்து, சர்வர் பெயரைத் தட்டி, நெட்வொர்க் பாஸ்வேர்டு வகையில் வரும் பதிவை நீக்குங்கள். சர்வரை எஜெக்ட் செய்த பிறகே சோதியுங்கள். வைஃபைக்கு சிஸ்டம் செட்டிங்ஸில் வைஃபை, அட்வான்ஸ்டு. அங்குள்ள பட்டியலில் நீக்கலாம். ஐகிளவுட் கீசெயின் ஆனில் இருந்தால், ஒரு மேக்கில் நீக்கிய வைஃபை அதே கணக்கில் உள்ள மற்றக் கருவிகளிலிருந்தும் போய்விடும். அதை எதிர்பார்த்துச் செய்யுங்கள்.

இந்த விஷயத்தில் லினக்ஸை மனதாரப் பாராட்ட வேண்டும். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் கனெக்ஷன் எடிட்டரில், வைஃபை செக்யூரிட்டி பக்கத்தில் கடவுச்சொல் கட்டத்தின் வலது ஓரம் ஒரு சின்னம் இருக்கும். அதைத் தொட்டால் இந்தப் பயனருக்கு மட்டும் சேமி, எல்லாருக்கும் சேமி, ஒவ்வொரு முறையும் கேள் என்று தேர்வுகள் வரும். மூன்றாவதை எடுத்தால் முடிந்தது. சாதாரண வைஃபைக்கும் இது பொருந்தும். க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஷேர் ஃபோல்டர் திறக்கும்போதும் உடனே மறந்துவிடு, லாக் அவுட் வரை வைத்திரு, எப்போதும் வைத்திரு என்று கேட்கும்.

அறிகுறி: தடுத்த பிறகு வேறு ஏதோ ஒரு வேலை நின்றுவிட்டது

விண்டோஸில் மேலே சொன்ன கொள்கையை வைத்ததும், டாஸ்க் ஷெட்யூலரில் "யார் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு" என்ற வகை வேலையைப் புதிதாகச் சேமிக்க முயன்றால், குறிப்பிட்ட லாகான் செஷன் இல்லை என்ற பொருளில் ஒரு பிழை வரும். அந்த வகை வேலைக்குக் கடவுச்சொல்லைச் சேமித்தாக வேண்டும், கொள்கையோ சேமிக்க விடாது. இரவில் பேக்கப் எடுக்கும் கணினியில் இதை வைத்தால் அடி விழுவது இங்கேதான்.

வேலை அந்தக் கணினிக்குள்ளேயே முடிவதாக இருந்தால், அதை சிஸ்டம் கணக்கில் ஓட வைக்கலாம், அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. அல்லது "கடவுச்சொல்லைச் சேமிக்காதே" என்ற டிக்கைப் போட்டும் ஓட்டலாம், ஆனால் அப்போது அந்த வேலையால் நெட்வொர்க்கில் உள்ள ஃபோல்டர்களைத் தொட முடியாது. நெட்வொர்க்கிலேயே பேக்கப் எழுத வேண்டும் என்றால், அந்த ஒரு கணினியில் கொள்கையை எடுத்துவிட்டு, அதைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கி வையுங்கள். பேக்கப் ஃபோல்டரைத் தவிர வேறெதையும் தொட உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை அந்த வேலைக்கென்று சர்வரில் உருவாக்கிக் கொடுத்துவிடுங்கள்.